மோமோ தேடிய அப்பா: ஒரு சனிக்கிழமைத் திரையிடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயரை எழுதவில்லை. பிள்ளைகள் யார் என்று ஊர்க்காரர் ஊகித்துவிடக் கூடாதென்று வயதுகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அந்தத் தோட்டத்து வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் ஒரு நண்பரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். மாதத்தில் ஒரு சனி வகுப்புக்குப் பதிலாகப் படம். ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த இடத்தில் பிள்ளைகள் கலங்குவார்கள், எந்த இடத்தில் சும்மா இருப்பார்கள் என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது இரண்டு தடவை பிழைத்தது. முதல் பிழையால் எனக்கு லாபம். இரண்டாவது பிழையின் விலையை ஒரு சின்னப் பையன் கொடுத்தான்.

காட்டியது எது

"அவதார்: த லாஸ்ட் ஏர்பென்டர்" என்ற கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயம். நிக்கலோடியனில் 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக வந்த தொடர். நீர், மண், தீ, காற்று ஆகிய நான்கில் ஒன்றைக் கையசைவால் ஆட்டிவைக்கக்கூடிய மனிதர்கள் இருக்கும் உலகம். தீ நாட்டுக்காரர்கள் நூறு வருடமாக மற்ற நாடுகள் மேல் போர் தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கையும் கற்று அந்தப் போரை நிறுத்த வேண்டிய பொறுப்பு ஆங் என்ற 12 வயதுப் பையன் தலையில் விழுகிறது. அத்தியாயங்கள் சங்கிலி மாதிரிக் கோத்துக்கொண்டு போவதால் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் காட்டுவது கஷ்டம். அதற்கு விலக்காக இருப்பது இரண்டாம் பாகத்தின் 15ஆவது அத்தியாயம். 2006 செப்டெம்பர் 29 அன்று முதலில் ஒளிபரப்பானது. பா சிங் சே என்ற மதில் சூழ்ந்த மாநகரத்தில் ஆறு குட்டிக் கதைகள், ஒவ்வொன்றும் நாலு நிமிடம் அளவில். முன்கதை தெரியாதவர்களும் பார்க்கலாம். கதைக்குக் கதை நிறுத்தியும் பேசலாம்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தேயிலை. தீ நாட்டின் பழைய தளபதி ஐரோ இப்போது அகதி வேஷத்தில் தன் தம்பி மகன் சூக்கோவோடு அந்த நகரத்தில் ஒளிந்திருக்கிறார். இருவருக்கும் டீக்கடையில் வேலை. ஐரோவுக்குத் தேத்தண்ணி என்றால் உயிர். கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்த மனிதரை உடனே பிடித்துப்போகும் என்று நினைத்தேன். அறிமுகத்தில் இதைச் சொன்னதும் பின்வரிசைப் பையன் ஒருவன் சலித்துக்கொண்டான்: "கார்ட்டூன்லயுமா சேர் தேயில?" அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. இதை நான் இரண்டு பிழைகளில் ஒன்றாகச் சேர்க்கவில்லை.

ஏற்பாடு

23 பிள்ளைகள். சின்னதுகள் பாயில், பெரியவர்கள் வாங்கில். பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில்) வேலை செய்து ஓய்வு பெற்ற ஆயா ஒருவர் பேத்தியைக் கூட்டிவந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுவரில் வெள்ளைச் சீலை, இரவல் புரொஜெக்டர், கைக்கடக்கமான ஒரு ஸ்பீக்கர். படம் ஆங்கிலத்தில் ஓடும். நடுநடுவே நான் தமிழில் சொல்ல வேண்டும்.

மழையை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஜூலையில் பொகவந்தலாவையில் மழையைக் கணக்கில் எடுக்காத ஒருவன் அந்த மண்ணில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தென்மேல் பருவ மழை தகரக் கூரையில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் தோற்றுப்போனது. அதன் பிறகு படத்தின் குரல் என்னுடைய குரல்தான். நடந்ததை விளங்கிக்கொள்ள இது முக்கியம்.

அறிமுகத்தில் இன்னொன்றும் சொன்னேன். "ஆங்கிட்ட ஆறு கால் உள்ள, பறக்குற எருமை ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு அப்பா. அத யாரோ களவெடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் தேடுறாங்க." அந்த மிருகத்தின் பெயர் தொடரில் அப்படித்தான். நான் கட்டிச் சொன்னதில்லை. வாசிகசாலை சிரிப்பில் அதிர்ந்தது. "எங்க அப்பாவையும் அம்மா எருமன்னுதான் சொல்லும்" என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னும் சிரிப்பு. நானும் விடவில்லை, அதை வைத்து மேலும் இரண்டு பகிடி விட்டேன்.

முதல் பிழை: ஐரோவின் கூடை

ஆங்கின் தோழிகள் டோஃபும் கட்டாராவும் அழகு நிலையத்துக்குப் போகும் முதல் கதை பெண் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது ஐரோவின் கதை. அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான்.

கிழவர் கடைத்தெருவில் ஒரு கூடை வாங்குகிறார். வெயிலில் வாடும் பூச்செடியை நிழலுக்கு நகர்த்தி வைக்கிறார். அழுகிற குழந்தை ஒன்றுக்கு வாத்தியம் மீட்டிப் பாடுகிறார். போர்வீரப் பையன் ஒருவன் வீடு திரும்புவதைப் பற்றிய சின்னப் பாட்டு. குழந்தை சிரிக்கிறது. பந்து விளையாடிய பையன்கள் ஒரு ஜன்னலை உடைத்துவிட, செய்த தப்பை ஒத்துக்கொள்வதுதான் நல்லது என்று புத்தி சொல்கிறார். ஜன்னல்காரர் மலை மாதிரி வந்து நின்றதும், இந்தத் தடவை மட்டும் வேண்டாம், ஓடுங்கள் என்கிறார். தன்னைக் கொள்ளையடிக்க வந்தவனுக்கு, நீ நிற்கிற விதமே சரியில்லை என்று கால் வைக்கச் சொல்லிக்கொடுத்து, பிறகு உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார். ("சீனி போட்டாரா சேர்?" என்று கேள்வி வந்தது. தெரியாது என்றேன்.) கடைசியில் ஒரு மேட்டில், மரத்தடியில் கூடையைத் திறக்கிறார். மகனின் படம், ஊதுபத்தி. இறந்துபோன மகனுக்கு அன்று பிறந்த நாள். காலையில் குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைப் பாடத் தொடங்கி, பாட முடியாமல் உடைகிறார்.

நான் இதை முதலில் பார்த்தபோது அந்த மேடு என்னை எதிர்பாராமல் அடித்தது. கலகலப்பான ஒரு நாள், திடீரென்று ஒரு சாவு. கதை வேலை செய்வது அந்தத் திடீரால்தான் என்று நம்பியிருந்தேன். அதனால் ஐரோவுக்கு ஒரு மகன் இருந்ததையே பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அதிர்ச்சி கெடக் கூடாதல்லவா. முடிந்ததும் யாராவது அழுதால் என்ன பேசுவது என்று ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தேன்.

கிழவர் கூடையைக் கையில் எடுத்ததுதான் தாமதம், தரம் 8 படிக்கும் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "படைக்கப் போறாரு."

எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை, படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சொல் வாங்கிலிருந்து பாய்க்கு இறங்கிவிட்டது. "யாருக்கு?" "பொண்டாட்டிக்கா இருக்கும்." "இல்ல, புள்ளைக்கு, பாட்டப் பாரு." மேட்டுக்கு அவர் ஏறும்போது அந்த அறையில் ஆச்சரியப்பட ஆளே மிஞ்சவில்லை. நான் காப்பாற்றி வைத்த அதிர்ச்சியைப் பிள்ளைகள் கூடையிலேயே உடைத்துவிட்டார்கள்.

அப்படியிருந்தும் அந்த நாலு நிமிடம் போல ஓர் அமைதியை அந்த வாசிகசாலையில் நான் கண்டதில்லை. பாட்டு இரண்டாவது தடவை வந்தபோது மழைக்குள் அதன் மெட்டு மட்டும் அரைகுறையாகக் கேட்டது. நான் மொழிபெயர்க்கவில்லை. ஆயா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தாலாட்டாப் பாடுனதையே ஒப்பாரியாப் பாடுறாரு, பாவி மனுசன்." ஆங்கிலம் ஒரு சொல் தெரியாதவர். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே நூலின் இரண்டு நுனிகள் என்று நாட்டார் பாடல் ஆய்வில் நான் படித்தது அவர் சொன்னதற்குப் பக்கத்தில் நிற்காது.

படைக்கப் போகிறார் என்று கண்டுபிடித்த பிள்ளையிடம் பிறகு கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: "எங்க அம்மா தாத்தாவுக்குப் படைக்கிற அன்னைக்கு இப்படித்தான் சேர். விடிஞ்சதுல இருந்து யாரையும் ஏச மாட்டாங்க. எல்லாருக்கும் நல்லவங்களா இருப்பாங்க."

இது எனக்குத் தோன்றியதே இல்லை. கிழவர் எப்போதும் நல்லவர், அன்றைக்கும் நல்லவராக இருந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவு திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த நாளில் அவர் எதிர்ப்படுகிறவர்களின் வரிசையைக் கவனித்தேன்: முதலில் சின்னக் குழந்தை, அடுத்து பந்து விளையாடும் பையன்கள், அடுத்து வழிதவறிய இளைஞன், கடைசியில் படத்தில் இருக்கும் சிப்பாய். ஒரு மகன் வளர்கிற வரிசை அது. முடிவு தெரியாமல் பார்த்தால் நாலும் தனித்தனி வேடிக்கை. தெரிந்து பார்த்தால் ஒரு தகப்பன் காலையிலிருந்து தன் பிள்ளையை மறுபடி வளர்த்துக்கொண்டு வருகிறான். அதுவும் எந்த ஊரில்? ஐரோ தளபதியாக 600 நாள் முற்றுகையிட்ட நகரம் இது. மகன் லு டென் செத்தது அந்த முற்றுகையில். மகன் அழிக்க வந்த ஊரின் பிள்ளைகளுக்குத்தான் அவர் பாடுகிறார்.

திடீர்த் திருப்பத்தை நான் இவ்வளவு பெரிதாக எடுத்ததே பிசகு. மாசியில் கம்பம் ஊன்றி ஆடும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மன்மதன் எரியப் போகிறான் என்பது மடியில் தூங்குகிற பிள்ளைக்கும் தெரியும். போகாதே என்று ரதி மறிப்பாள், அவன் போவான், எரிவான். போன வருடமும் எரிந்தான். ரதி புலம்பும்போது லயத்துச் சனம் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள்) அழாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கூத்துக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு, முடிவை ஒளித்து வைத்தால்தான் மனம் அசையும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. படம் பார்த்துப் படம் பார்த்து வந்திருக்கும்.

கதை முடிவில் 'மாக்கோ நினைவாக' என்று ஓர் அட்டை வரும். ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ 2006 ஜூலை 21 அன்று இறந்தார். அத்தியாயம் வெளிவந்தது இரண்டு மாதம் கழித்து. இதைச் சொன்னபோது பிள்ளைகள் தலையாட்டினார்கள். படையலுக்குள் இன்னொரு படையல் இருப்பது அவர்களுக்கு விசேஷமாகப் படவில்லை.

நடுவில் உள்ளவை

ஆங் மிருகக்காட்சிசாலை கட்டும் கதைக்குச் சிரிப்பு. ஆங்கின் நண்பன் சோக்கா கவிதைப் போட்டியில் அசை எண்ணிப் பாடி, ஓர் அசை கூடிப்போனதால் வெளியே வீசப்படும் கதை மழைக்குள் முழுத் தோல்வி. ஐந்து, ஏழு, ஐந்து என்று நான் கத்தினேன், யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சூக்கோ ஒரு பெண்ணுக்காக அணைந்த விளக்குகளையெல்லாம் இரகசியமாகத் தீயால் ஏற்றிவைக்கும் இடத்தில் "கார்த்திகை!" என்று சத்தம். பெரிய பையன்கள் வேறு காரணத்துக்காகச் சத்தம் போட்டார்கள்.

ஐரோ கதை முடிந்ததும் என் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். ஆபத்து தாண்டிவிட்டது என்று எண்ணம்.

இரண்டாவது பிழை: காலடித் தடம்

கடைசிக் கதை மோமோவுடையது. மோமோ ஆங்கின் செல்லப் பிராணி, சிறகுள்ள குட்டித் தேவாங்கு மாதிரி. எருமையின் உரோமக் கொத்து ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. எழுந்ததும் எங்கோ ஒரு நிழலைப் பார்த்து அதுதான் என்று பறக்கிறது. பூனைச் சாதி மிருகங்கள் மூன்று துரத்துகின்றன. எல்லாமாக இறைச்சிக்காரனின் கூண்டில் மாட்டுகின்றன. மோமோ தப்பி, துரத்தியவற்றையும் திறந்துவிடுகிறது. அவை அதை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகின்றன. அங்கே மண்ணில் எருமையின் பெரிய காலடித் தடம். எருமை இல்லை. மோமோ அந்தத் தடத்துக்குள் சுருண்டு படுக்கிறது. மழை தூறுகிறது.

இந்தக் கதையில் பேச்சு மிகக் குறைவு. சும்மா விட்டிருந்தால் மிருகங்களின் ஓட்டமாக ஓடியிருக்கும். ஆனால் மழைச் சத்தத்தோடு மல்லுக்கட்டிய என் வாய் நிற்கவில்லை. "மோமோ அப்பாவத் தேடுது." "அப்பான்னு நெனச்சு ஓடுது." "ஐயோ, அது அப்பா இல்ல." "இது அப்பாவோட காலடி. அப்பா இங்கதான் நின்னிருக்கு, போயிருச்சு." படம் ஒரு தடவை கூடச் சொல்லத் தேவையில்லாத சொல்லை நான் ஏழெட்டுத் தடவை கூரை இடியக் கத்தினேன்.

பாயில் இருந்த ஏழு வயதுப் பையன் கேட்டான்: "அப்பா கெடச்சாரா சேர்?"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மிருகத்துக்குக் 'கெடச்சுச்சா' என்றுதானே கேட்க வேண்டும். எருமைக்கு மரியாதை கொடுக்கிறான் என்று சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு, "இல்லடா, இன்னும் கெடைக்கல" என்றேன். அவன் எழுந்து போய் வாசற்படியில் நின்றான். படம் முடிந்து பிஸ்கட் கொடுத்தபோதும் வரவில்லை. மழையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு முன்னமே விளங்கியிருக்கும்.

அவனுடைய அக்காதான் சொன்னாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. பொங்கலுக்கு வந்துபோனவர். மூன்று கிழமையாகப் போனும் இல்லை. "அப்பா எப்ப வருவாருன்னு அம்மாகிட்ட கேக்கக் கூடாதுன்னு தம்பிக்குச் சொல்லிவெச்சிருக்கு சேர். கேட்டா அம்மா அழும்."

வீட்டில் கேட்கக் கூடாத கேள்விக்கு என் கதை ஒரு வழி திறந்துவிட்டது. 'ஆர்' விகுதி அவன் வாய் தவறி வந்ததில்லை. எனக்கு அது நொடியில் விளங்கியிருக்க வேண்டும். கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும், இன்னும் தூரமாக அரபு நாடுகளுக்கும் ஆள் போகாத லயம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? அந்தப் பாயில் அவனைப் போல இன்னும் நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

இரண்டு பிழைக்கும் வேர் ஒன்று. படத்தைச் செய்தவர்கள் எந்த இடத்தில் கனம் ஏற்றினார்களோ அந்த இடத்தில்தான் அது பார்க்கிறவர்களையும் அழுத்தும் என்று நினைத்தேன். சாவு வருகிற இடத்துக்குத் தயாராக இருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சாவு தெரிந்த சங்கதி. அதற்குச் சடங்கு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, படையல் இருக்கிறது, யாருக்கு என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். காணாமல் இருக்கிறவருக்கு, வருவாரா மாட்டாரா என்று தெரியாதவருக்கு, படைக்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. மோமோவின் கதை அதைப் பற்றியது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. குரங்குச் சேட்டை மாதிரி ஒரு கடைசித் துண்டு என்று வைத்திருந்தேன்.

பிறகு செய்தது

அன்று மாலையே அக்காவிடம் அம்மாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டனுப்பி, ஞாயிறு போனேன். அங்கே பேசியது இந்த எழுத்துக்கு வெளியே இருக்கட்டும்.

திரையிடல் பற்றிய முடிவுகள் இவை. மழைக்காலத்தில் படம் வைப்பதில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் பேச்சுக்குப் பதிலாகத் தமிழ் வரிகளை அட்டையில் எழுதிப் பிடிக்கிறோம். தேடல் பாதியில் நிற்கும் கதையைத் தனியாகக் காட்டுவதில்லை. இது எனக்கு முதலே உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் தொடரில் அந்த எருமை கிடைக்கிறது. 16ஆவது அத்தியாயம் அது தொலைந்த நாட்களின் கதை. சர்க்கஸில் அடிபடுவது உட்பட, பெரியவர்களுக்கே பார்க்கக் கடினம். 17ஆவதில் திரும்பி வருகிறது.

அடுத்த சனி வகுப்பு நாள்தான். இருந்தாலும் 16ஐ வாயால் சுருக்கிச் சொல்லிவிட்டு, 17இன் கடைசிப் பகுதியை மட்டும் மடிக்கணினியில் போட்டேன். பையன் வருவானோ என்னவோ என்றிருந்தேன். முதல் ஆளாக வந்து முன்னால் உட்கார்ந்தான். எதிரிகள் ஏரிக்கரையில் சுற்றி வளைத்து நிற்கிறார்கள். மோமோ திடீரென்று மேலே பறக்கிறது. வானத்திலிருந்து எருமை இறங்குகிறது.

இந்தத் தடவை நான் கவனமாக இருந்தேன். பெயரையே எடுக்கவில்லை. "இந்தா, எருமை வந்திருச்சு, பாருங்க. பறக்குற எருமை."

பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"எருமன்னு சொல்லாதீங்க சேர். அதுக்குப் பேரு அப்பா."